கால் அங்குலப் பித்தளை வளையம்

செய்தி ஒரு காலி டின்னோடு வந்தது. மாகறலிலிருந்து மாதம் ஒருமுறை என் கடைக்கு வரும் விவசாயி டின்னை மேசைமேல் வைத்துவிட்டு நின்றார். எந்த எண்ணெய் என்று கேட்டேன். மெக்கானிக் வாங்குவாரே அதே முப்பதாம் நம்பர்தான் என்றார். பீப்பாயின் குழாயைத் திறந்தேன். டின் பாதி நிறைந்திருக்கும்போது அவர் சொன்னார்: "காலைல என் பம்புசெட்டாண்ட குந்திக்கினு இந்த டின்ன கெரசின் ஊத்திக் கழுவிக்கினு இருந்தாருபா. அப்படியே சாஞ்சிட்டாரு. மாட்டு வண்டில ஏத்தி ஓரிக்கைல அவரு வூட்டுல எறக்கிட்டுதான் வர்றேன். உங்ககிட்ட சொல்லணும்னு தோணிச்சு. சபாபதி கடைல கலப்படம் இருக்காது, அங்கதான் வாங்கணும்னு எப்பவும் சொல்லிக்கினு இருப்பாரு."

நான் டின்னை நிரப்பினேன். மூடியை இறுக்கினேன். வெளிப்புறத்தைத் துடைத்துக் கொடுத்தேன். இத்தனையும் ஒழுங்காகச் செய்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் எப்பேர்ப்பட்ட ஆள் என்பது இந்தக் கட்டுரைக்குத் தேவைப்படும்.

மெக்கானிக் தெய்வசிகாமணிக்கு நம் மோட்டார் தொழில் சங்கம் ஒரு நினைவு மலர் போடுகிறது. எதிரெதிர்க் கடையில் பல வருஷம் இருந்தவன் என்பதால் என்னை எழுதச் சொன்னார்கள். இதைப் படிக்கப்போகிறவர்கள் எல்லோரும் அவரை அறிந்தவர்கள். "மேதை", "கைராசிக்காரர்" என்றெல்லாம் மற்றவர்கள் எழுதியிருப்பதை அச்சகத்தில் பார்த்தேன். நல்லது. அவர் உயிரோடு இருந்தபோது அவரைக் "காலங்குலம்" என்று முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டவர்களும் நீங்களேதான். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரியாது.

புதியவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். நான் மோட்டார் எண்ணெயும் உதிரி பாகங்களும் விற்பவன். என் கடைக்கு எதிரே தகரக் கூரை போட்ட கொட்டகையில் சிகாமணி கார்களைப் பார்த்தார். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. நம்மூரில் எந்தப் பட்டறையில் போய்ப் பார்த்தாலும் கை துடைப்பதற்குத் தறியிலிருந்து வரும் கழிவு நூல் கூடை நிறைய இருக்கும். எல்லோரும் அதில்தான் துடைப்போம். சிகாமணி மட்டும் தொடமாட்டார். அவர் மனைவி கன்னியம்மா பழைய வேட்டியைத் துவைத்து, சதுரமாகக் கிழித்து, ஓரம் மடித்துத் தைத்து அனுப்புவார். அதுதான் அவருடைய துடைப்புத் துணி. திறந்த இன்ஜின் பக்கம் கழிவு நூலோடு யாராவது போனால், அது கார் சொந்தக்காரராகவே இருந்தாலும், வெளியே போகச் சொல்லிவிடுவார். இதற்காக அவரைக் கிண்டல் செய்யாதவர்கள் நம்மில் யாரும் இல்லை. நானும் செய்திருக்கிறேன்.

வாய் அதிகம் இல்லாத மனிதர். ஆனால் எண்ணெய் விஷயம் என்றால் பேசுவார். ஒருமுறை ஒரு டாக்டர் என் கடையில் நின்றுகொண்டு சத்தம் போட்டார். நான் கொடுத்த எண்ணெய் இரண்டே வாரத்தில் கறுத்துவிட்டதாம், கலப்படமாம். சிகாமணி எதிரிலிருந்து வந்து, டாக்டர் காரின் எண்ணெய் அளவுக் கம்பியை உருவித் தன் உள்ளங்கையில் ஒரு சொட்டு வைத்து அவரிடம் காட்டினார். "கறுக்குற ஆயிலுதான் சார் வேல செய்யுது. கடைசி வரிக்கும் வெள்ளையாவே இருக்குதுன்னா, அழுக்கையெல்லாம் இன்ஜின்லியே வுட்டுட்டு வந்திருக்குதுன்னு அர்த்தம்," என்றார். டாக்டர் அதற்குப் பிறகு என்னிடமே வாங்கினார். சிகாமணியிடமே காரையும் விட்டார், கொஞ்ச காலம்.

அந்த ஸ்போர்ட்ஸ் கார் வந்தது அறுபதுகளின் நடுவில். சென்னையில் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன வண்டி. சிவப்பு. இரண்டு பேர்தான் உட்காரலாம். மேல்துணியை மடக்கிப் பின்னால் வைத்துவிட்டால் திறந்த தொட்டிபோல இருக்கும். வாங்கியவர் நம்மூர்ப் பட்டு ஜவுளிக் குடும்பத்தில் இளையவர். ஊரே அவரைச் சின்னவர் என்றுதான் கூப்பிட்டது, நானும் அப்படியே எழுதுகிறேன். அது தேரடியில் திரும்பும்போது தறியை நிறுத்திவிட்டு வந்து பார்த்தவர்கள் உண்டு. வருகிற மாசியில் சோழவரத்துக் கார் பந்தயத்தில் ஓட்டப்போவதாகச் சின்னவர் சென்னை நண்பர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தார். வண்டியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு சிகாமணிக்கு வந்தது. ஒரு மெக்கானிக்குக்கு அதைவிடப் பெரிய மரியாதை இந்த ஊரில் அப்போது இல்லை.

வண்டியோடு வந்த கையேடு இங்கிலீஷில் இருந்தது. சிகாமணி அதை என்னிடம் கொண்டுவந்து, எண்ணெய் பற்றி இருக்கும் பக்கத்தை மட்டும் மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். வெயில் காலத்துக்கு நாற்பது, மற்ற நாளுக்கு முப்பது என்று இருந்தது. இன்ஜினுக்குள் உரசும் பாகங்களுக்கு நடுவே இடைவெளி மிகக் குறைவு, அதனால் எண்ணெய் சீக்கிரம் போய்ச் சேர வேண்டும் என்று எனக்கு விளக்கினார். மாசி வரைக்கும் முப்பது போதும் என்று முடிவு செய்தார்.

எண்ணெய் வாங்கச் சின்னவரே என் கடைக்கு வந்தார். நான் முப்பதில் கொஞ்சம் ஒரு கிண்ணத்திலும் ஐம்பதில் கொஞ்சம் இன்னொரு கிண்ணத்திலும் ஊற்றி வைத்தேன். அவர் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தொட்டு, புடவையின் முந்தானையைப் பார்ப்பதுபோலத் தேய்த்துப் பார்த்தார். அந்தக் குடும்பம் தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் பிழைக்கிறது. பட்டில் கனம்தான் தரம். கையில் கனம் தெரியாத சரக்கை அவர்கள் கடைக்குள்ளேயே விடமாட்டார்கள். முப்பது தண்ணீராக இருக்கிறது, ஐம்பதுதான் கையில் நிற்கிறது என்றார். சிகாமணி வேண்டாம் என்றார். அன்றைக்கு அவர் பேச்சு எடுபட்டது. சின்னவர் அரைமனதாக முப்பதை வாங்கிக்கொண்டு போனார்.

பெரிய தொல்லை ஃபில்டரில்தான் இருந்தது. அந்த வண்டியில் இன்ஜின் பக்கவாட்டில் ஓர் இரும்புக் கிண்ணம் தொங்கும். நடுவில் நீளமான போல்ட். கிண்ணத்துக்குள் எண்ணெயை வடிகட்டும் துணி ஃபில்டர் உட்காரும். புது ஃபில்டர் வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும். அந்தக் காலத்தில் இறக்குமதி என்றால் என்ன பாடு என்று உங்களுக்குத் தெரியும். நான் சென்னையில் இரண்டு நாள் கடை கடையாக ஏறி இறங்கி, கடைசியில் ஒரு லாரிக்கான ஃபில்டரை வாங்கிவந்தேன். கிண்ணத்தில் அழகாக உட்கார்ந்தது. சரியாக உட்காருகிறதே என்று சிகாமணியிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் விரலை உள்ளே விட்டுத் தடவினார். "உக்காருதுபா. ஆனா அடைக்கல. காலங்குலம் கொறையுது. ஆயிலு ஃபில்டருக்குள்ள போவாது, மேலால தாண்டிப் போயிடும்," என்றார்.

மறுநாள் கடைசல் பட்டறைக்குப் போய் ஒரு பித்தளை வளையம் கடைந்துகொண்டு வந்தார். சரியாகக் கால் அங்குல உயரம். அதைக் கிண்ணத்தின் அடியில் வைத்து, அதன்மேல் ஃபில்டரை வைத்தால் மேல்விளிம்பு கச்சிதமாக அழுந்தியது. அதை என் கடை மேசைமேல் வைத்துக் காட்டினார். வளையத்தை விரலில் மாட்டிப் பார்த்தேன், பெருவிரலுக்குக்கூடப் பெரிதாக இருந்தது. இருவரும் சிரித்தோம். நான்கு மாதம் வண்டி அந்த வளையத்தோடு, அந்த லாரி ஃபில்டரோடு, முப்பதாம் நம்பர் எண்ணெயோடு ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சின்னவருக்கு மட்டும் மனசு ஆறவில்லை. பந்தயத்துக்கு வரும் சென்னைக்காரர்கள் பானட்டைத் திறந்து பார்த்து, லாரி ஃபில்டர் மாட்டியிருக்கிறாயா என்று கேட்டால் மானம் போய்விடும் என்று என் கடையில் வந்து புலம்பினார். நான்கு பேர் இருந்தார்கள். எனக்கு எப்போதும் நாலு பேர் சிரிப்பதுபோல ஏதாவது சொல்ல வேண்டும். "வீட்ல இவ்ளோ பட்டை வெச்சிக்கினு துணிக்கு ஏங்க அலையிறீங்க? பட்டுலயே ஒரு ஃபில்டர் நெஞ்சிடுங்க," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். சின்னவர் சிரிக்கவில்லை. யோசித்துக்கொண்டே போனார். என்னுடைய வாய்க்கொழுப்பிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது, சின்னவரிடமிருந்து அல்ல.

பத்து நாளில் அது தயாராகிவிட்டது. தகரக்காரரை விட்டு ஓட்டை போட்ட ஒரு கூண்டு செய்து, அவர்கள் தறியிலேயே நெய்த நெருக்கமான பட்டை நாலு மடிப்பாக அதன்மேல் சுற்றித் தைத்திருந்தார்கள். அரக்கு நிறம். பார்க்க அழகாகத்தான் இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. சின்னவர் அதைச் சிகாமணியின் கொட்டகைக்கு எடுத்துவந்தபோது நானும் கூட இருந்தேன். சிகாமணி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு வெட்டிய விளிம்பில் நகத்தால் நெருடினார். ஒரு இழை நீளமாக அவர் விரலோடு வந்தது.

"பொடவைக்குக் கரை இருக்குது. இதுக்குக் கரை எங்க? இழ ஒண்ணொண்ணா பிரிஞ்சி பேரிங் ஓட்டையில போய் அடைச்சிக்கும்," என்றார். நெசவும் ரொம்ப நெருக்கம், எண்ணெய் நுழையவே நுழையாது என்றும் சொன்னார். வண்டியின் எண்ணெய் அழுத்த மானியில் முள் நன்றாக ஏறி நின்றால் போதாதா என்று சின்னவர் கேட்டதற்கு, "முள்ளு அழுத்தத்த காட்டும். ஓடுதா இல்லியான்னு காட்டாது," என்றார். நான் மாட்ட மாட்டேன் என்று சொல்லி அதை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிகாமணி ஏனாத்தூரில் ஒரு கிணற்று இன்ஜினைப் பார்க்கப் போயிருந்தார். சின்னவர் என்னை வீட்டுக்கு வரச் சொன்னார். ஐம்பதாம் நம்பர் எண்ணெயில் ஒரு டின் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். நான் எடுத்துக்கொண்டு போனேன். கேட்டால் கொடுப்பதுதான் கடைக்காரன் வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் கடை இருந்த கட்டடம் அவர்களுடையது என்பதையும் நான் மறந்திருக்கவில்லை.

சின்னவர் வீட்டு டிரைவர் வண்டிக்கு அடியில் படுத்துக் கிண்ணத்தைக் கழற்றினார். நான் கீழே தட்டைப் பிடித்தேன். எண்ணெயோடு லாரி ஃபில்டர் வந்தது, அதன் பின்னால் பித்தளை வளையமும் தட்டில் விழுந்தது. பட்டு ஃபில்டரை முழு உயரத்துக்குச் செய்திருந்ததால் வளையம் தேவைப்படவில்லை. இது என்ன என்று டிரைவர் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். அதைத் துடைத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அப்போது எந்தத் தீய எண்ணமும் இல்லை. சிகாமணியிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான் எடுத்தேன். பட்டு ஃபில்டரை மாட்டினார்கள், ஐம்பதை ஊற்றினார்கள், இன்ஜினை முடுக்கினார்கள். மானியின் முள் நான்கு மாதமாக ஏறாத உயரத்தில் போய் நின்றது. "பாரு சபாபதி," என்று சின்னவர் குழந்தைபோலச் சந்தோஷப்பட்டார். நானும் பார்த்துத் தலையாட்டினேன்.

சிகாமணியிடம் நான் இதைச் சொல்லவில்லை. வளையத்தைக் கொடுத்தால் எங்கிருந்து வந்தது என்று கேட்பார். அதனால் கொடுக்கவில்லை. அது சட்டைப் பையிலிருந்து என் மேசை டிராயருக்குப் போயிற்று.

பந்தயத்துக்குப் போன வண்டி ஸ்ரீபெரும்புதூரைக்கூடத் தாண்டவில்லை. இன்ஜின் ஒரு தட்டுத் தட்டி, இறுகி நின்றுவிட்டது. சோழவரத்தில் நண்பர்கள் காத்துக்கொண்டிருக்க, சின்னவர் ஒரு லாரிக்குப் பின்னால் கயிற்றில் கட்டிய காரில் உட்கார்ந்து ஊர் திரும்பினார். தேரடியில் எல்லோரும் பார்த்தார்கள். அந்த அவமானத்தை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டியிருந்தது. வண்டி முதலில் அவர்கள் வீட்டுக்குத்தான் போனது. அங்கே டிரைவர் பட்டு ஃபில்டரை எடுத்துவிட்டு, மூலையில் கிடந்த பழைய லாரி ஃபில்டரைத் திரும்ப மாட்டினார். வளையம் ஒன்று இருந்தது என்பது அவருக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. நினைவு வந்திருந்தாலும் அது அங்கே இல்லை.

மறுநாள் காலை வண்டி சிகாமணியின் கொட்டகைக்கு வந்தது. சின்னவர் வந்தார். அவருடைய அண்ணன் வந்தார். டாக்டர் வந்தார். நம் சங்கத்தில் இன்றைக்கும் இருக்கிற ஐந்தாறு பேர் வந்திருந்தீர்கள், நீங்கள் யார் என்று உங்களுக்கே தெரியும். பாகம் விற்ற கடைக்காரனும் இருக்கட்டும் என்று என்னையும் கூப்பிட்டார்கள். சிகாமணி ஒன்றும் அறியாமல் எல்லோர் முன்னாலும் கிண்ணத்தைத் திறந்தார். உள்ளே அவர் மாட்டிய லாரி ஃபில்டர். மேலே கால் அங்குலம் காலி. வெளிச்சத்தில் எல்லோருக்கும் தெரிந்தது.

அண்ணன் என்னைப் பார்த்து, இந்த ஃபில்டர் இந்த வண்டிக்கு உரியதுதானா என்று கேட்டார். இல்லை என்றேன். அது உண்மை. அன்றைக்கு நான் வாயைத் திறந்து சொன்னது அந்த ஒரு உண்மைதான், அதை வைத்தே அந்த மனிதரைப் புதைத்தார்கள்.

"இங்க ஒரு பித்தள வளையம் இருந்திச்சே," என்றார் சிகாமணி. கிண்ணத்துக்குள் விரலால் தடவினார். தரையில் தேடினார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் மேசைமேல் வைத்துக் காட்டிய வளையம் அல்லவா? நான் காரின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தச் சக்கரத்தின் ஆரக்கம்பிகளில் எத்தனை துரு பிடித்திருந்தன என்றுகூட இன்றைக்கும் எனக்கு நினைவிருக்கிறது.

இரண்டு நாள் கழித்து இன்ஜினைப் பிரித்தபோது எண்ணெய் பம்பின் வலையில் அரக்கு நிறப் பட்டிழைகள் சிக்கியிருந்தன. பேரிங் ஓட்டையிலும் இருந்தன. சிகாமணிக்கு என்ன நடந்தது என்று புரிந்துவிட்டது. அந்த இழைகளை ஒரு வேட்டித் துணியில் மடித்து எடுத்துக்கொண்டு அண்ணனிடம் போய்க் காட்டினார். அந்தப் பெரிய மனிதர் பார்த்துவிட்டுச் சிரித்தாராம். "இந்த ஊர்ல பட்டு நூலு காத்துலயே பறக்குதேப்பா. நீங்கள்லாம் கை தொடைக்கிற கழிவு நூலுதான் இது. நீயே உள்ள வுட்டுட்டு எங்ககிட்ட வந்து காட்டுறியா?" என்று கேட்டாராம். கழிவு நூலைக் கையாலும் தொடாத ஒரே மெக்கானிக்கிடம் இப்படிச் சொன்னார். அவர் தொடமாட்டார் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். கிண்டல் செய்யத் தெரிந்த அத்தனை பேரில் ஒருவர்கூட அண்ணனிடம் போய் அதைச் சொல்லவில்லை.

அந்த வாரத்திலேயே "காலங்குலம்" என்ற பெயர் வந்தது. டாக்டர் காரை எடுத்துக்கொண்டு போனார். கல்யாணத்துக்கு வாடகைக் கார் ஓட்டுபவர்கள் ராசி பார்ப்பவர்கள், அவர்கள் அடுத்து நின்றார்கள். சித்திரைக்குள் கொட்டகை காலியாகிவிட்டது. கார் இன்ஜினின் சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொன்னவர், பன்னிரண்டு வருஷம் சைக்கிளில் பையை மாட்டிக்கொண்டு மாகறலுக்கும் ஏனாத்தூருக்கும் கிணற்று இன்ஜின்களைப் பார்க்கப் போனார். பிறகு எந்தக் காரின் பானட்டையும் அவர் திறக்கவில்லை. யாரும் திறக்கச் சொல்லவும் இல்லை.

எண்ணெய் மட்டும் என்னிடமே வாங்கினார். அதுதான் எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருந்தால் நானும் ஒரு கோபத்தை வளர்த்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன். மாதா மாதம் வந்து, முப்பது குடு சபாபதி என்று டின்னை நீட்டுவார். வேறு சங்கதி ஒன்றும் பேசமாட்டார். ஒரே ஒரு முறை பேசினார். கொட்டகை காலியான வருஷம், ஆனி மாதம் இருக்கும். கடையில் வேறு யாரும் இல்லை. டின்னை வாங்கிக்கொண்டு நின்றவர், சாதாரணமாகக் கேட்டார்.

"சபாபதி, அந்த வளையம் எங்க பூட்சின்னு உனக்குத் தெரியுமா?"

என் முழங்கைக்குக் கீழே, மேசை டிராயரில்தான் இருந்தது. "தெரியாதுபா," என்றேன்.

அவர் டின்னின் மூடியை இறுக்கினார். "சரிபா. தெரிஞ்சா சொல்லு," என்று சொல்லிவிட்டு டின்னைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார். அதன் பிறகு பன்னிரண்டு வருஷம் அவர் அதைக் கேட்கவில்லை. நான் சொல்லவும் இல்லை. கடையைச் சொந்தக் கட்டடத்துக்கு மாற்றிய பிறகாவது சொல்லியிருக்கலாம். அப்போது, இத்தனை நாள் கழித்து எதற்கு என்று தோன்றியது. ஒரு கோழைக்குக் காரணமா கிடைக்காது?

செய்தி வந்த அன்றைக்கு மதியம் ஓரிக்கைக்குப் போனேன். போகும்போது டிராயரைத் திறந்து வளையத்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வாசலில் நம் ஆட்கள் நிறையப் பேர் இருந்தீர்கள். சிகாமணியை வெள்ளை வேட்டியில் கிடத்தியிருந்தார்கள். எவ்வளவு தேய்த்தும் நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை. அந்தக் கறுப்பைப் பார்த்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது. என் கை எப்போதும் சுத்தம். எண்ணெய்க் கடைக்காரன் கை இப்படியா இருக்கும் என்று எல்லோரும் மெச்சுவார்கள்.

அப்போது ஜவுளிக் கடையிலிருந்து ஓர் ஆள் வந்தார். சின்னவர் அனுப்பியதாகச் சொல்லி, தட்டில் ஒரு பட்டு அங்கவஸ்திரம் கொண்டுவந்திருந்தார், உடல்மேல் போர்த்துவதற்கு. பெரிய மரியாதைதான். உங்களில் சிலர் எழுந்து வழிவிட்டீர்கள். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த கன்னியம்மா தலையைத் தூக்கி அந்த ஆளைப் பார்த்தார்.

"பட்டு ஒரு தபா வந்தது போதும்பா. எடுத்துக்கினு போ," என்றார்.

துக்கத்தில் புத்தி கலங்கிவிட்டது என்று பக்கத்தில் ஒருவர் முணுமுணுத்தார். எவ்வளவு திமிர் என்று இன்னொருவர் சொன்னார். அந்த அம்மா சொன்னதன் அர்த்தம் அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். எழுந்து நின்று சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. நான் அன்றைக்கும் எழவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

காரியம் முடிந்த மறுநாள் திரும்பவும் போனேன். கன்னியம்மா துவைத்த வேட்டித் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். இனி யாருக்கு என்று நான் கேட்கவில்லை. வளையத்தை எடுத்து அவர் முன்னால் தரையில் வைத்தேன். இது என்னிடம்தான் இருந்தது என்று சொல்ல ஆரம்பித்தேன். அவர் வளையத்தைப் பார்க்கக்கூட இல்லை.

"அவருக்குத் தெரியும்பா," என்றார். "நீ பாக்கெட்ல போட்டத அந்த டிரைவரு அந்த ஆனி மாசம் இங்க வந்து அழுதுக்கினே சொல்லிட்டான். என் பேர வெளிய சொல்லாதீங்க, வேல பூடும்னு காலுல வுழுந்தான். இவரும் சொல்லல. உன்னாண்ட கேக்கப் போறேன்னுதான் சொல்லிட்டுப் போனாரு. வந்து, தெரியாதுன்னுட்டான்னாரு. அன்னிக்கு மட்டும் சாப்புடல."

தெரிந்துகொண்டுதான் கேட்டிருக்கிறார். தெரிந்துகொண்டுதான் பன்னிரண்டு வருஷம் என் கடையில் எண்ணெய் வாங்கியிருக்கிறார். என் எண்ணெயில் கலப்படம் இல்லை என்று மாகறலில் சொல்லியிருக்கிறார். அதுவும் உண்மைதான். எண்ணெயில் இல்லை. அவர் ஏன் அப்படி நடந்துகொண்டார் என்று கேட்க இப்போது ஆள் இல்லை. அவர்மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. சட்டையைப் பிடித்து நாலு பேர் முன்னால் கேட்டிருக்கலாமே, ஒரு தள்ளு தள்ளியிருந்தால் நான் சொல்லியிருப்பேனே என்று ராத்திரி பகலாக அந்த மனிதரோடு சண்டை போடுகிறேன். சொல்லியிருப்பேனா என்பது வேறு விஷயம்.

வளையத்தை எடுத்துக்கொள்ளும்படி கன்னியம்மாவிடம் கேட்டுக்கொண்டேன். "எனக்கு எதுக்கு? நீயே வெச்சிக்கோ," என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனார். கதவைச் சாத்தவில்லை. ஆனால் திரும்பி வரவும் இல்லை.

ஆகவே, சிகாமணியிடமிருந்து எனக்கு என்று மிஞ்சியது இந்த வளையம்தான். இதை இனி டிராயரில் வைக்கப்போவதில்லை. கடை மேசைமேல், எண்ணெய் அளக்கும் படிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். நீங்கள் வந்து பார்க்கலாம். ஒரு லாரி ஃபில்டரும் கையோடு தருகிறேன், இரண்டையும் சேர்த்து அளந்து பாருங்கள். அவர் கடைந்தது சரியாக இருக்கும்.

தெரிந்தால் சொல்லு என்றார். தெரியும் சிகாமணி. என்னிடம்தான் இருக்கிறது.